கண் சிவக்காவிட்டாலும் மருந்து ஏன்?

"கண்ணு சொவப்பே இல்லியே சிஸ்டர், வலிக்குன்னும் பிள்ள சொல்லல. பின்ன எதுக்கு இத்தன மருந்து?" மூட்டுவாதத்தோடு கண் அழற்சியும் உள்ள பிள்ளைகளின் தாய்மார் எங்களிடம் கேட்பது இதுதான். நியாயமான கேள்வி. யுவியைட்டிஸ் என்னும் இந்த அழற்சி பெரும்பாலும் சிவக்காது, வலிக்காது. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் கண்ணுக்குள் மிதக்கும் செல்களை எண்ணினால்தான் தெரியும். 6 முதல் 15 வரை இருந்தால் அழற்சி 1+ அளவு என்று எழுதுவோம். அதற்குள்ளேயே கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ், பின்னாலுள்ள லென்ஸோடு ஒட்டத் தொடங்கியிருக்கலாம். அதைத் தடுக்கத்தான் கண்மணியை விரிக்கும் சொட்டும் கொடுக்கிறோம்.

அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசலோன் அசிடேட் 1% சொட்டில் மருந்து அடியில் படிந்துவிடும். குலுக்காமல் விட்டால் கண்ணில் விழுவது பெரும்பாலும் தண்ணீர்தான். நன்றாகக் குலுக்கி ஒரே சொட்டு விட்டு, மூக்கோரக் கண்முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடுத்த சொட்டுக்கு 5 நிமிட இடைவெளி வேண்டும். சீட்டே இல்லாமல் மெடிக்கலில் குப்பி குப்பியாக வாங்கி விடுவதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. கண்புரையும் கண் அழுத்தமும் அப்படித்தான் வருகின்றன. 3 மாதம் கழித்தும் நாளுக்கு 2 சொட்டுக்கு மேல் தேவைப்பட்டால் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைக்குப் போக வேண்டும்.

அது வாரம் ஒருமுறை மட்டும். உடல் பரப்பு 0.8 சதுர மீட்டர் உள்ள பிள்ளைக்கு, சதுர மீட்டருக்கு 15 மி.கி. கணக்கில் 12 மி.கி. வரும்; அதை ஒட்டி 2.5 மி.கி. மாத்திரையில் 5 (12.5 மி.கி.) கொடுக்கலாம். 10 மி.கி. மாத்திரையைக் கலந்து எழுதாமல் இருப்பதே நல்லது, வீட்டில் எண்ணிக்கை குழம்பிவிடும். தினமும் கொடுத்துவிட்டால் வாய்ப்புண் வரும், ரத்த அணுக்கள் சரியும், உயிருக்கே ஆபத்து. அதனால் அட்டையிலேயே 'வெள்ளி ராத்திரி' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுக்கிறோம். குமட்டல் வந்தாலும் பள்ளி கெடாது. ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். ரத்த அணுக்களும் ஈரலும் பார்க்கும் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. பலன் தெரிய 3 மாதம்கூட ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டாம் மாதமே நிறுத்திவிடுவார்கள்.

அதிலும் அடங்காவிட்டால், அழற்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் அடாலிமுமாப் ஊசி. பிரிட்டனில் 90 பிள்ளைகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மெத்தோட்ரெக்ஸேட்டோடு இதையும் சேர்த்தவர்களுக்கு அழற்சி திரும்புவது வெகுவாகக் குறைந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி: 30 கிலோவுக்குக் கீழே 20 மி.கி., அதற்கு மேலே 40. தொடங்கும் முன் மாண்டூ என்னும் காசநோய்த் தோல் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே இரண்டும் கட்டாயம். உள்ளே உறங்கும் காசநோயை இந்த மருந்து எழுப்பிவிடும். ஊசியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து குலசேகரம் பக்கம் பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் ஐஸ் பொதியைத் துணியில் சுற்றியே வைக்க வேண்டும், உறைந்த ஊசி உதவாது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு; கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள். காய்ச்சல் வந்தாலோ, வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தாலோ, கேட்காமல் அடுத்த ஊசி போடக் கூடாது.

சொட்டைக் குறைத்தாலும் நிறுத்தினாலும் ஒரு மாதத்துக்குள் ஸ்லிட் லேம்ப் பார்க்க வேண்டும். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். கண் 2 வருடமாவது அமைதியாக இருந்த பிறகே மாத்திரையைக் குறைக்கும் பேச்சு.