நான்காவது லேன்

"எந்த கன்ட்ரோல் போட்டாலும் அதுக்கும் ஒரு சந்தேகம் சொல்றீங்க மேடம். அப்ப எப்பதான் ஆட்டோஃபேஜி கூடியிருக்குன்னு எழுதலாம்?"

மாநாட்டுக்குப் போஸ்டர் அனுப்ப வேண்டிய வாரத்தில் என் ஆராய்ச்சி மாணவி கேட்டது. ஆட்டோஃபேஜி என்பது செல் தன் சொந்தப் பாகங்களையே சவ்வுப் பையில் சுருட்டிச் செரித்துக்கொள்வது. "நாலு லேன் ஓட்டிட்டு வாம்மா, அப்புறம் எழுது" என்றேன். அந்தப் பதிலில் இன்றும் எனக்குப் பாதி நம்பிக்கை உண்டு. மீதிப் பாதிதான் தொந்தரவு.

அவர் கொண்டுவந்த பிளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பேண்டாகக் காட்டும் படம்; ஒரு மாதிரிக்கு ஒரு லேன்) நல்ல பிளாட். எல்சி3 புரதம் சைட்டோசோலில், அதாவது செல்லின் உள்திரவத்தில், எல்சி3-1 ஆக இருக்கும். ஆட்டோஃபகோசோம் என்ற அந்த இரட்டைச் சவ்வுப் பை உருவாகும்போது எல்சி3-இன் நுனியில் ஃபாஸ்ஃபாடிடைல் எத்தனாலமைன் என்ற கொழுப்பு ஒட்டி, எல்சி3-2 ஆகிச் சவ்வில் பதியும். எடை கூடியும் ஜெல்லில் இதுதான் வேகமாக இறங்கும்: முதலாவது 16 கிலோடால்டன் பக்கம், இரண்டாவது 14 பக்கம். 15 சதவீத ஜெல், 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் சவ்வு. இரண்டு பேண்டும் சுத்தமாகப் பிரிந்திருந்தன. 0.45 மைக்ரான் சவ்வை எடுத்து, டிரான்ஸ்ஃபரையும் நீட்டினால் இவ்வளவு சிறிய புரதம் சவ்வைத் தாண்டிப் போய்விடும்; பலர் எல்சி3-2-ஐ அங்கேதான் தொலைக்கிறார்கள். அவர் எல்சி3-2-ஐ எல்சி3-1-ஆல் வகுக்கவும் இல்லை, எல்லா லேனிலும் ஒரே அளவில் இருக்க வேண்டிய ஆக்டின் புரதத்தோடுதான் ஒப்பிட்டிருந்தார். அதுதான் முறை. லைசேட்டை (செல்களை உடைத்து எடுத்த சாறு) உறைய வைத்து உருக்கினாலே எல்சி3-1 குறையும்; ஆன்டிபாடியும் இரண்டையும் ஒரே அளவில் பிடிப்பதில்லை.

நாங்கள் சோதிக்கும் சேர்மத்தை 24 மணி நேரம் கொடுத்த லேனில் 14-இல் இருந்த பேண்ட் நன்றாகக் கறுத்திருந்தது. ஆட்டோஃபேஜி கூடியது என்று அவர் எழுதினார். நான் அந்த வரியை அடித்துவிட்டேன்.

காரணம் பழையது. ஆட்டோஃபகோசோம், செல்லின் செரிமானப் பையான லைசோசோமோடு இணைந்ததும் உள்பக்கத்து எல்சி3-2 அங்கேயே செரிக்கப்படும். உற்பத்தி கூடினாலும் பேண்ட் ஏறும், செரிமானம் நின்றாலும் ஏறும். ரேஷன் கடை வாசலில் வரிசை நீண்டிருந்தால் கூட்டம்தான் அதிகமா, உள்ளே எடை போடுகிறவர் எழுந்து போய்விட்டாரா என்று வரிசையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதிலும் எங்கள் சேர்மத்தில் ஒரு அமீன் இருக்கிறது. வலுக்குறைந்த காரம், லைசோசோமின் அமிலத்துக்குள் போய்ப் புரோட்டான் ஏறி, வெளியே வர முடியாமல் அங்கேயே சேரும் வகை. மலேரியா மருந்தான குளோரோகுயின் செய்வதும் இதையேதான். அமீனைப் பார்த்ததுமே தடை என்றுதான் என் மனம் போனது.

நான்கு லேன் என்பது இது: ஒன்றுமில்லை, சேர்மம் மட்டும், பேஃப்லோமைசின் மட்டும், இரண்டும் சேர்ந்து. பேஃப்லோமைசின் ஏ1, லைசோசோமுக்குள் அமிலம் ஏற்றும் வி-ஏடிபேஸ் பம்ப்பை நிறுத்தும். உள்ளே அமிலம் குறையும், செரிமானம் நிற்கும். 100 நானோமோலார், அறுவடைக்கு முந்தைய 2 முதல் 4 மணி நேரம் போதும். இரவு முழுக்க விட்டால் செல்கள் சாகத் தொடங்கும், பேண்டை நம்ப முடியாது. நான்காவது லேன் மூன்றாவதைத் தாண்டினால் சேர்மம் உற்பத்தியைக் கூட்டுகிறது. இரண்டும் சமமாக நின்றால் சேர்மமும் பேஃப்லோமைசினைப் போலவே வழியை அடைக்கிறது.

சமமாக வந்தது. மறுபடி ஓட்டியபோதும் சமம்தான். தடை என்று சொன்னேன். படம் போஸ்டரிலிருந்து போனது.

"தடைன்னா பி62 ஏறணுமே மேடம், குறைஞ்சிருக்கே" என்றார் அவர். பி62 ஆட்டோஃபேஜியில் செரிக்கப்படும் புரதம். வழி அடைபட்டால் சேர வேண்டும். பி62-இன் அளவு டிரான்ஸ்கிரிப்ஷனாலும், அதாவது அதன் மரபணு எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்பதாலும், மாறும் என்று பதில் சொன்னேன். உண்மைதான், மரபணுக்களை இயக்கும் என்ஆர்எஃப்2 புரதம் விழித்தால் அது ஏறும். ஆனால் அந்தப் பதில் எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும். பி62 ஏறியிருந்தால் தடைக்குச் சான்று என்று ஏற்றிருப்பேன். குறைந்ததும் அதற்கு வேறு காரணம் தேடினேன். அவர் அதைக் கவனித்திருப்பார்.

என் பக்க நியாயமும் சிறியதல்ல. ஆட்டோஃபேஜியின் பாய்ச்சலை (எவ்வளவு உருவாகிச் செரிகிறது என்பதை) அளக்க ஓட்டத்தை நிறுத்திப் பார்ப்பது இந்தத் துறை பிறந்தபோதே வந்த பழக்கம். ஜப்பானிய உயிரியலாளர் யோஷினோரி ஓசுமி 1988-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சொந்த ஆய்வகம் தொடங்கி, வாக்குவோலில் (ஈஸ்ட்டில் லைசோசோமின் வேலையைச் செய்யும் பை) புரோட்டியேஸ் என்ற செரிமான நொதி இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டார். செரிக்க நொதி இல்லாததால் வாக்குவோலுக்குள் சிறுசிறு உருண்டைகள் குவிந்து துடித்துக்கொண்டிருந்ததைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே கண்டார். 1992-இல் அது கட்டுரையானது, 2016-இல் நோபல் வந்தது. நொதி இருந்திருந்தால் அந்த உருண்டைகள் வந்த வேகத்தில் கரைந்திருக்கும். அதனால்தான் பேஃப்லோமைசின் இல்லாத எல்சி3 பிளாட்டை நான் ஏற்பதில்லை, இனியும் ஏற்கப்போவதில்லை.

ஆனால் அண்மைக்கால ஆய்வுகள் என் நான்காவது லேனையே அசைக்கின்றன. எல்சி3 ஒட்டுவதற்கு ஆட்டோஃபகோசோமின் இரட்டைச் சவ்வு கட்டாயமில்லை. லைசோசோமின் அயனிச் சமநிலை குலைந்தால் வி-ஏடிபேஸின் இரு பகுதிகளும் இறுகச் சேர்ந்து ஏடிஜி16எல்1 புரதத்தை இழுக்கும். அது எல்சி3-ஐ லைசோசோமின் ஒற்றைச் சவ்விலேயே ஒட்டவைக்கும். அயனிகளைச் சவ்வு தாண்டிக் கடத்தும் மொனென்சினும் குளோரோகுயினும் இதைத் தூண்டும். எங்கள் சேர்மத்தைப் போன்ற அமீன்களும் செய்யலாம். பேஃப்லோமைசின் இந்த ஒட்டுதலைத் தடுத்துவிடும்.

இதை வைத்துக்கொண்டு அந்த நான்கு லேனை மறுபடி படித்தால்? சேர்மம் ஏற்றிய எல்சி3-2 ஒற்றைச் சவ்வில் ஒட்டியதாக இருந்தால், இரண்டாவது லேனில் தெரியும். நான்காவதில் பேஃப்லோமைசின் அதை அழித்துவிடும். மிஞ்சுவது வழக்கமான ஆட்டோஃபேஜியின் எல்சி3-2 மட்டும், அதாவது மூன்றாவது லேனுக்குச் சமம். நான் தடை என்று படித்தது தடையாகவும் இருக்கலாம், தடையும் இல்லாமல் தூண்டுதலும் இல்லாமல் மூன்றாவது ஒன்றாகவும் இருக்கலாம். பி62 ஏறாததற்கு இந்த மூன்றாவது வழியில் இடம் இருக்கிறது. என் விளக்கத்தில் இல்லை.

ஆட்டோஃபேஜி வழிகாட்டி 2008-இல் தொடங்கி 2021-இல் நான்காம் பதிப்புக்கு வந்துவிட்டது. ஒரே சோதனையை நம்பாதே என்பது அதில் திரும்பத் திரும்ப வருகிறது. மாணவர்களிடம் நானும் அதையே சொல்கிறேன். அப்படிச் சொல்பவர், ஒரு சோதனையை நம்பியவரின் படத்தை இன்னொரு சோதனையை நம்பி நீக்கலாமா? கூடியது என்ற முடிவை நீக்கியது சரி. படத்தையே நீக்காமல், எல்சி3-2 ஏறுகிறது, காரணம் தெரியவில்லை என்று வைத்திருக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது. போஸ்டர் முன் நிற்பவர்கள் காரணம் தெரியாத படத்தையும் ஆட்டோஃபேஜி என்றே எடுத்துக்கொண்டு போவார்கள் என்று வேறு சில நாள் தோன்றுகிறது. இரண்டும் நடக்கக்கூடியவை.

பிரிக்க வழி உண்டு. ஏடிஜி13 என்ற மரபணுவை நீக்கிய செல்களில் வழக்கமான ஆட்டோஃபேஜி நடக்காது. அங்கும் சேர்மம் எல்சி3-2-ஐ ஏற்றினால் அது ஒற்றைச் சவ்வின் வேலை. மறுபக்கம், ஏடிஜி16எல்1-இன் 490-ஆவது லைசினை அலனினாக மாற்றிய செல்களில் ஒற்றைச் சவ்வு வழி மட்டும் அறுந்திருக்கும். அங்கே பேண்ட் ஏறாவிட்டால் அதே முடிவு. கூடவே, பி62 மாறியது டிரான்ஸ்கிரிப்ஷனாலா என்று பார்க்க அதன் எம்ஆர்என்ஏவை (மரபணுவின் படி) கியூபிசிஆர் சோதனையில் அளக்க வேண்டும். அதற்கு இப்போதிருக்கும் செல்களே போதும். முதலில் அதைத்தான் செய்யப்போகிறோம், அவர் கேட்டதும் அதைத்தானே.