அம்மம்மாவுக்கு 21 பிள்ளையள்

ரெண்டு கிழமையா மண்டையைக் காய வைச்ச புரோலாக் (உண்மையளையும் விதியளையும் குடுத்திட்டுக் கேள்வி கேக்கிற நிரல் மொழி) பிழை நேற்று இரவு ஒண்டரைக்கு அம்பிட்டுது, அந்தப் புழுகத்தில எழுதுறன்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் கனடா, பிரான்ஸ் சனமெல்லாம் வந்து இறங்கும், வாறவை எல்லாரும் "நான் உனக்கு என்ன முறை, சொல்லு பாப்பம்" எண்டு கேப்பினம், நான் முழுசிக்கொண்டு நிப்பன். அதுக்காகத்தான் சொந்தக்காரர் முழுப்பேரையும் எஸ்டபிள்யூஐ எண்ட புரோலாக் பதிப்பில ஏத்திக்கொண்டிருக்கிறன். பாடப்புத்தகத்து அங்கிள் விதியை வைச்சு எங்கட ஆக்களுக்கு ஒண்டும் செய்யேலாது, மாமா வேற சித்தப்பா வேற பெரியப்பா வேற. தமிழில எழுதுறது சுகம், மேற்கோள் குறி கூட வேண்டாம். கேப்பிட்டலில தொடங்கிற சொல்லை புரோலாக் மாறி (எதையும் நிரப்பக்கூடிய வெற்றிடம்) எண்டு எடுக்கும், எங்கட எழுத்தில கேப்பிட்டல் இல்லாததால எல்லாத்தையும் மாறிலியாத்தான் (மாறாத பேராத்தான்) எடுக்கும், மாறி வேணுமெண்டா முன்னுக்கு அண்டர்ஸ்கோர் போட்டாச் சரி.

தரவு அக்கா அனுப்பின சிஎஸ்வி ஃபைலில (கொமா போட்டுப் பிரிச்ச பட்டியல்) இருக்கு. 'தொடங்கு' எண்டு ஒரு விதி, அதை இனிஷியலைசேஷனில (ஃபைலை ஏத்தினதும் தானா ஓடுறது) குடுத்திருக்கிறன், அது ஒவ்வொரு வரியா வாசிச்சு அசர்ட்இசட் பண்ணும், அதாவது நினைவகத்தில ஒரு உண்மையாச் சேக்கும். ஃபைலைத் திரும்ப ஏத்தேக்க பழைய அசர்ட் அப்பிடியே கிடக்க புதுசும் சேரும் எண்டது தெரிஞ்ச விசயம்தானே, அதால துவக்கத்திலயே துடைக்கோணும். முதல் வெறும் ரிட்ராக்ட் (சேத்ததை அழிக்கிற கட்டளை) போட்டு நல்லா வாங்கிக் கட்டினன். புதுசாத் திறக்கேக்க அழிக்க ஒண்டும் இல்லாததால அது தோத்துப்போக, தொடங்கு முழுக்கப் படுத்திட்டுது. பேந்து பொருந்திற எல்லாத்தையும் அழிக்கிற ரிட்ராக்ட்ஆல் போட்டன், அழிக்க ஒண்டும் இல்லாட்டிலும் அது தோக்கவே தோக்காது. கனநாள் பிரச்சினை இல்லை.

பிறகுதான் இந்த அரியண்டம். அம்மம்மாவுக்கு எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டா 7, கொஞ்சத்தால 14, பேந்து 21. சில நேரம் கூடுது, சில நேரம் அப்பிடியே நிக்குது. ஃபைலில கை வைச்சிட்டு மேக் எண்ட கட்டளையை அடிச்சால் மட்டும் கூடுது எண்டு கண்டுபிடிக்கவே நாலு நாள், ஏனெண்டா மேக் மாறின ஃபைலை மட்டும்தான் திரும்ப ஏத்தும். ஆனா ரிட்ராக்ட்ஆல் வரி கண்ணுக்கு முன்னால நிக்குது! அம்மம்மாட்டக் காட்டினன், "ஏழு பெத்தே இடுப்பு முறிஞ்சு போச்சு மோனை" எண்டா.

நேற்று சும்மா லிஸ்டிங்(பிள்ளை) அடிச்சு, பிள்ளை எண்ட பேரில உள்ள எல்லாத்தையும் பாத்தன். மேல ஒரு டைனமிக் (ஓடேக்க மாத்தக்கூடிய) பிள்ளை/2, அதாவது ரெண்டு இடம் உள்ள பிள்ளை, அதுக்குக் கீழ ஒரு வரியும் இல்லை. அதுக்கடுத்து மூண்டு இடம் உள்ள பிள்ளை/3, ஒவ்வொரு வரியும் மூண்டு தரம். புரோலாக்குக்கு இது ரெண்டும் வேற வேற. பெரியம்மாவையும் சின்னம்மாவையும் பிரிக்க வயசு தெரியோணுமெண்டு மூண்டாவதாப் பிறந்த ஆண்டைச் சேத்தனான், எல்லா இடமும் மாத்தினனான், துடைக்கிற வரி மட்டும் பழைய ரிட்ராக்ட்ஆல்(பிள்ளை(_, _)) ஆவே கிடந்திருக்கு. இல்லாத பிள்ளை/2 ஐ ரிட்ராக்ட்ஆல் தானே டைனமிக்கா உண்டாக்கிப்போட்டு, வெறும் வீட்டைக் கூட்டிட்டு "ஓம், முடிஞ்சுது" எண்டு சொல்லியிருக்கு. எச்சரிக்கை ஒண்டும் இல்லை. புரோலாக்குக்கான 1995 ஐஎஸ்ஓ நியமத்தில ரிட்ராக்ட்ஆலே இருக்கேல்லை, 2012 திருத்தத்திலதான் சேத்தவை, சேத்தவை இதுக்கும் ஒரு வழி பாத்திருக்கலாம். ஒரு அண்டர்ஸ்கோரும் ஒரு கொமாவும் போட்டன், 7 வந்திட்டுது.

மாறாத தரவை நேரா ஃபைலிலயே எழுதி வைச்சால் திரும்ப ஏத்தேக்க புரோலாக்கே பழசை எடுத்துப்போடும், அசர்ட்டே தேவையில்லை எண்டு சொல்லுவியள். தெரியும். ஆனா எனக்கு சனம் கதைக்கக் கதைக்க உடன சேக்கோணும், மூடினாலும் அழியக் கூடாது. அதுக்கு பெர்சிஸ்டன்சி லைப்ரரிக்கு மாறுவம் எண்டு நினைக்கிறன், டிபி_அட்டாச் எண்ட கட்டளையால ஒரு ஃபைலை இணைச்சா ஒவ்வொரு மாற்றத்தையும் ஃபைலில எழுதிக்கொண்டே போகும். தரவு சப்ளையர் விசயம்தான் பெரிய தலையிடி. ஒரு சித்தப்பா முழுப் பட்டியலையும் பாமினி ஃபொண்டில (யூனிகோட் இல்லாத பழைய தமிழ் எழுத்துரு) அடிச்சு அனுப்பியிருக்கிறார், அதை யூனிகோட்டுக்கு மாத்தவே ஒரு சனிக்கிழமை போகும்.

மச்சாள் விதி இன்னும் தொடேல்லை. எல்லாம் சரியெண்டு நினைச்சு மாமா விதியை ஓட விட்டால் ஒரே ஒரு மாமா மட்டும் ரெண்டு தரம் வாறார். அரை மணித்தியாலம் ரிட்ராக்ட்ஆலையே திட்டித் தீத்தன், லிஸ்டிங்கில ஒவ்வொண்டும் ஒருக்காத்தான் நிக்குது. அம்மா தேத்தண்ணியோட வந்து எட்டிப் பாத்திட்டுச் சிரிச்சா. "அது மாத்துச் சம்பந்தமடா. என்ர அண்ணா, உன்ர மாமியைத்தானே கட்டினவர்."