எழுதாத நேரமும் எழுத்துதான்

"தினமும் ஆயிரம் சொல்லாவது எழுதிடணும்" என்று புதிதாக எழுத வருகிறவர்களிடம் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

சுந்தர ராமசாமியைப் பாருங்கள். 'ஒரு புளியமரத்தின் கதை' வந்தது 1966இல். அடுத்த நாவலான 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல். மூன்றாவது 1998இல். அவ்வளவுதான், மொத்தம் மூன்று நாவல்கள். முதலாவதில் ஒரு ஊரே கூடி நின்று கதை பேசுகிறது. இரண்டாவதில், நிஜத்தில் இல்லாத ஒரு மலையாள எழுத்தாளனுக்கு வாழ்க்கை, நாட்குறிப்பு, நண்பர்கள், எதிரிகள் எல்லாம் உண்டு. இப்படி ஒரு தாவல் தினசரிச் சொற்கணக்கில் வந்திருக்குமா? (சிறுகதை எழுத்தாளர் மௌனி எழுதியதோ இருபத்துச் சொச்சம் கதைகள்தான். இன்றும் பேசுகிறோம்.)

எனக்கு யோசனை ஓடுவது பாத்திரம் தேய்க்கும்போதுதான். கதையில் வரும் அக்கா, தன் தம்பியின் கல்யாணத்துக்கு ஏன் போகவில்லை என்பது பிடிபடாதவரை நோட்டைத் திறக்கவே மாட்டேன். பிடிபட்டுவிட்டால் முதல் வரி தானாக வந்து நிற்கும்.

"இந்த வாரம் ஒண்ணுமே எழுதலை" என்று வருந்தி மெசேஜ் அனுப்பும் தம்பி தங்கைகளே, அந்தக் கதை இன்னும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஓடட்டும்.