ஏரியா சபை மைக்கில் சொன்னது மினிட் நோட்டில் ஏறவில்லை

கேட்டது 160 மீட்டர் மழைநீர் வடிகால். பதினாலு மாதம் கழித்து மாநகராட்சியின் வேலைப் பட்டியலில் ஏறியது 110 மீட்டர். இந்தப் பதினாலில் எட்டு மாதம் சுத்த வீண். யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டால் கோரிக்கை பதிவாகிவிட்டது என்று நம்பியதற்கான தண்டனை அது. ஊர் பெயர் வேண்டாம், சென்னைக்கு வெளியே உள்ள ஒரு மாநகராட்சி என்பது போதும்.

கிராமசபை தெரிந்த அளவுக்கு நகரத்து ஏரியா சபை பலருக்குத் தெரியாது. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள வாக்காளர்கள் கூடித் தங்களுக்கு எது முதலில் வேண்டும் என்று சொல்வதற்கான இடம் அது. விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று அப்போதைய முதல்வர் ஸ்டாலினே பம்மலில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தார், செய்தியில் பார்த்திருப்பீர்கள். கூட்ட நாட்கள் நான்கு: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10.

இந்த நான்கும் ஒரே எடை கொண்டவை அல்ல. இதைத் தெரிந்துகொள்ளவே எங்களுக்கு ஓர் ஆண்டு போனது. பட்ஜெட் ஏப்ரல் 1இல் தொடங்கும் ஆண்டுக்கானது. எங்கள் மண்டலத்திலிருந்து அடுத்த ஆண்டுக்கான வேலைப் பட்டியல் டிசம்பர் கடைசி வாரத்திலேயே தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. அப்படியானால் ஜனவரி 25 அன்று கேட்பது பஸ் கிளம்பிய பிறகு கை காட்டுவது மாதிரி. பட்ஜெட்டுக்கு உதவும் கூட்டம் செப்டம்பர் 15. டிசம்பர் 10 கூட்டத்தை, செப்டம்பரில் கேட்டது என்ன ஆயிற்று என்று சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியையும் ஏப்ரலையும் புகார்களுக்கு விட்டுவிடலாம்.

நாங்கள் போனது 2024 ஜனவரி 25 கூட்டத்துக்கு. தைப்பூச விடுமுறை வேறு. பள்ளிக்கூட ஹால், பேனர், கவுன்சிலர், ஏ.ஈ. (உதவிப் பொறியாளர்), சுகாதார ஆய்வாளர், பில் கலெக்டர். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஒன்றேகால் மணி நேரம் நாய், குப்பை, கொசு. கடைசியில் வடிகாலுக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. "நோட் பண்ணிக்கிட்டேன் சார்" என்றார் பொறியாளர். உண்மையிலேயே எழுதினார், ஆனால் தன் சொந்த டைரியில். சபையின் மினிட் நோட்டில், அதாவது நடவடிக்கைக் குறிப்பேட்டில், எழுதியவர் வேறு ஒருவர். அடுத்த கூட்டத்தில் கேட்கலாம் என்று இருந்தால், மார்ச் 16இல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு, நடத்தை விதி, ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. ஏப்ரல் 14 கூட்டம் எங்கள் பகுதியில் நடக்கவே இல்லை.

ஜூனில் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போட்டோம். அதிலும் ஒரு வெட்டி அலைச்சல். நேரில் கொடுக்கப் போனால், மண்டல அலுவலக கவுன்டரில் "இது எங்க செக்‌ஷன் இல்ல, மெயின் ஆபீஸ் போங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. பிரிவு 6(3)இன்படி, வாங்கிக்கொண்டு ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை. அதனால் கவுன்டர் பக்கமே போகாதீர்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 'பொதுத் தகவல் அலுவலர்' என்று விலாசமிட்டுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கான முப்பது நாள், மனு அவர்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும்.

'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்டால் 'கேள்வி தகவல் வரையறைக்குள் வராது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நகல்களை மட்டும் கேளுங்கள்: குறிப்பிட்ட தேதிக் கூட்டத்தின் வருகைப் பதிவேடு, நடவடிக்கைக் குறிப்பு, வார்டுக் குழுவுக்கு (பகுதிகளின் பட்டியல்கள் போய்ச் சேரும் இடம்) அனுப்பிய கடிதம். பக்கத்துக்கு 2 ரூபாய். 'அப்படி ஒரு கடிதம் இல்லை' என்று பதில் வந்தாலும் அதுவும் கையில் ஒரு ஆவணம்தான்.

எங்களுக்கு மூன்று பக்கம் வந்தது. இரண்டு பக்கம் கையெழுத்துகள். மூன்றாவதில் மொத்தக் கூட்டமும் இவ்வளவுதான்: 'சாலை, குடிநீர், தெருவிளக்கு உள்ளிட்ட அடிப்படை வசதிகள் குறித்துப் பொதுமக்கள் கோரிக்கை வைத்தனர். ஆவன செய்யப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது.' வடிகால் என்ற சொல்லே இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை. எந்தத் தெரு, எவ்வளவு நீளம் என்று இல்லாத வாக்கியத்தை வைத்து யாரும் எஸ்டிமேட் போட முடியாது.

ஆகவே செப்டம்பர் கூட்டத்துக்குப் பேச்சோடு போகவில்லை, தீர்மான வாசகத்தோடு போனோம். ஒரே தாள், இரண்டு பிரதி: '2ஆவது குறுக்குத் தெரு, கதவு எண் 4 முதல் 37 வரை, தெற்குப் பக்கம், சுமார் 160 மீட்டர் நீளத்துக்கு மூடியுடன் கூடிய கான்கிரீட் மழைநீர் வடிகால் அமைத்து மெயின் ரோடு வடிகாலுடன் இணைக்க வேண்டும். இப்பகுதியின் முன்னுரிமை எண் 1.' நோட்டு எழுதுபவரிடம் கூட்டம் தொடங்கும் முன்பே கொடுத்துவிட்டால் அப்படியே பார்த்து எழுதிவிடுவார். அவருக்கும் கை வலி மிச்சம். எழுதியதைக் கூட்டம் கலையும் முன் சத்தமாக வாசிக்கச் சொல்லி, வாசித்த பக்கத்தை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக இது ஒன்று போதும். கூட்டம் முடிந்த பிறகு 'அப்புறம் எழுதிக்கலாம்' என்று மூடப்படும் நோட்டில் ஆவன மட்டுமே செய்யப்படும்.

பட்டியல் நீளமாக இருக்கக் கூடாது. எங்கள் பகுதியில் முதலில் சேர்ந்தது 17 கோரிக்கை. பாதி, பல்பு எரியவில்லை வகை. அது முன்னுரிமை இல்லை, புகார். தனித் தாளில் எழுதி அந்தந்த ஆளிடம் கொடுத்தோம், பல்பு மறுநாளே எரிந்தது. இன்னும் சில மாநகராட்சி வேலையே இல்லை. சாய்ந்த கம்பம் மின்வாரியத்துக்கு, மெயின் ரோட்டுப் பள்ளம் நெடுஞ்சாலைத் துறைக்கு, வாய்க்கால் ஆக்கிரமிப்பு தாசில்தாருக்கு. இவற்றையும் சேர்த்து எழுதினால் முழுத் தாளும் 'சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது' ஆகிவிடும் ஆபத்து உண்டு. கழித்தபின் மிஞ்சியது மூன்றே மூன்று. அதில் வடிகாலுக்கு முதலிடமா, தார்ச்சாலைக்கா என்று ஒரு சண்டை. சாலை கேட்டவர்களுக்குச் சொன்னது இதுதான்: முதலில் ரோடு போட்டால் அடுத்த வருடம் வடிகாலுக்கு அதையே வெட்டுவார்கள், அல்லது புது ரோட்டை வெட்டக் கூடாது என்று வடிகாலைத் தள்ளிப்போடுவார்கள். பாதாளச் சாக்கடை, வடிகால், ரோடு என்ற வரிசை மாறக் கூடாது.

கூட்டத்தில் தலை எண்ணிக்கைக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் உறுப்பினர். ஓட்டு சொந்த ஊரில் இருக்கும் வாடகைக் குடும்பங்கள் வந்து பேசலாம், எண்ணிக்கையில் சேராது. எதிர்ச் சாரியில் நாலு வீட்டுக்காரர்கள் ஆர்வமாக வந்து கையெழுத்தும் போட்டார்கள். பார்த்தால் அவர்கள் வாக்குச்சாவடி வேறு பகுதியில். வாக்காளர் பட்டியலின் பாகம் எண்ணை முன்பே பார்த்துக்கொண்டால் இந்தச் சங்கடம் வராது.

பொறியாளரின் முதல் ஆட்சேபம் எதிர்பார்த்ததுதான்: "அங்கே தண்ணி ஏறாது சார், மெயின் ரோடு மேடு." போய்ச் சேர இடமில்லாத வடிகால் வெறும் நீளத் தொட்டி, அந்த வகையில் அவர் கேட்டது நியாயம். ரோட்டின் மேல்மட்டம் மேடுதான். பார்க்க வேண்டியது அங்குள்ள வடிகாலின் அடிமட்டத்தை. கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலை (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்து ஒரு ஞாயிறு காலை பார்த்தோம். எங்கள் தெருவின் மிகத் தாழ்ந்த இடத்தைவிட மெயின் ரோடு வடிகாலின் அடி 90 செ.மீ. கீழே இருந்தது. அறுபது செ.மீ. ஆழத்தில் தொடங்கினாலும் முப்பது செ.மீ. சரிவு மிச்சம். மூன்று இடத்து அளவை ஒரு கைப்படமாக வரைந்து தீர்மானத்தோடு பின் செய்தோம். பிறகு ஏ.ஈ. தன் கருவியோடு வந்து பார்த்தார், வித்தியாசம் இரண்டு விரல்கடை. ஆட்சேபம் அதோடு போயிற்று.

பணம் எந்தப் பையிலிருந்து என்பதையும் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. மாநகராட்சிக் கணக்கு ஒரே பை இல்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று மூன்று. பள்ளிக் கழிப்பறைக்கான பணத்தை எடுத்து ரோடு போட முடியாது. மத்திய மானியத்திலும், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கு 15ஆவது நிதிக்குழு (2021-26) நூற்றுக்கு அறுபதைக் கட்டிப்போட்டிருந்தது. அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, மறுசுழற்சிக்கு, மறு பாதி சுகாதாரம், திடக்கழிவுக்கு. பூங்காவும் உடற்பயிற்சிக் கருவிகளும் மீதி நாற்பதில்தான் முட்டி மோத வேண்டும். இதைப் பார்த்துவிட்டு எங்கள் வாசகத்தில் 'இரண்டு மழைநீர் உறிஞ்சு கிணறுகளுடன்' என்று சேர்த்தோம். யோசனை சொன்னது அதே ஏ.ஈ.தான், அந்தப் பெருமை அவருக்கு. வசதியுள்ள தெருக்காரர்களுக்கு இன்னொரு வழி, நமக்கு நாமே திட்டம். மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதி அரசு. நம் தெருவில் ஒரு பங்கு வசூலிப்பது வடிகால் கட்டுவதைவிடக் கஷ்டம் என்பதால் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வார்டுக் குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர், பகுதிப் பிரதிநிதிகள் உறுப்பினர்கள். எங்கள் வார்டின் ஐந்து பகுதிகளின் பட்டியலும் அங்கே மோதின. நீளமும் இடமும் எழுதியிருந்தவற்றுக்கு உத்தேச மதிப்பை அங்கேயே சொல்ல முடிந்தது, மேலே போயின. 'வடிகால் வசதி வேண்டும்' என்று மட்டும் எழுதியவை 'ஆய்வுக்குப் பின்' என்று ஒதுங்கின. மண்டலம், மாமன்றம் எல்லாம் தடையில்லாமல் கடந்தன.

மார்ச் மாதம் பட்ஜெட் புத்தகம் வந்தபோது எங்கள் தெருவைத் தேடினால் இல்லை. 'மழைநீர் வடிகால் பணிகள் – பல்வேறு இடங்கள்' என்று ஒரே தொகை. பயப்பட வேண்டாம், தெருப் பெயர்கள் தனிப் பணிப் பட்டியலில் இருக்கும். அதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாகத் தர மாட்டார்கள். வாங்கிப் பார்த்தபோதுதான் 110 மீட்டர் என்று இருந்தது.

விடுபட்ட மேல்பக்க 50 மீட்டர், பின்னால் போடப்பட்ட மனைப்பிரிவில் வருகிறது. அந்தத் துண்டுச் சாலையை மனை விற்றவர் மாநகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கவே இல்லை. தன் பெயரில் இல்லாத சாலையில் மாநகராட்சி காசு போடாது, தணிக்கையில் மாட்டும். இதை ஆறு மாதம் முன்பே பார்த்திருக்கலாம். சர்வே எண்ணைக் கொடுத்தால் பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கம் இலவசமாகவே தெரியும், தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் வரும். நகரமைப்புப் பிரிவில் லே-அவுட் படத்தையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். தீர்மானம் எழுதும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. நாங்கள் கடைசியாகச் செய்தோம்.

பட்டியலில் ஏறியதும் வேலை நடந்துவிடாது. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் என்று இன்னும் உண்டு. டெண்டர் அறிவிப்பில் '2ஆவது தெரு' என்று போட்டிருந்தார்கள். எங்கள் பகுதியில் 2ஆவது தெரு வேறு, 2ஆவது குறுக்குத் தெரு வேறு. 2ஆவது தெருவில் ஏற்கெனவே வடிகால் இருக்கிறது. நோட்டுப் பக்கத்தின் மொபைல் படத்தைக் காட்டியதும் ஒரு வாரத்தில் திருத்தம் வந்தது. மீதி 50 மீட்டருக்கான தாள் தயார், கதவு எண் முதற்கொண்டு. மனை விற்றவர் பத்திரத்துக்கு எப்போது வருகிறார் என்பதுதான் பாக்கி. இதுவரை நாலு முறை போன் செய்தாயிற்று.