சென்னை முதல் நியூயார்க் வரை: காகிதத்தில் 19 மணி நேரம், கடிகாரத்தில் ஏறக்குறைய 30

நவம்பர் இரண்டாம் வாரத்தில் அம்மாவை நியூயார்க்கில் உள்ள தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டு வந்தேன். விசா, குடியேற்றச் சோதனை எதிலும் தொல்லை இல்லை. தொல்லை முழுவதும் பயண முகவர் அச்சிட்டுக் கொடுத்த ஒற்றைத் தாளில் இருந்தது.

சென்னையிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 13,500 கிலோமீட்டர். துபாய் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டரில் முடிந்துவிடும். முகவர் பரிந்துரைத்ததோ சிங்கப்பூர் வழி. அங்கிருந்து நியூயார்க் மட்டுமே 15,300 கிலோமீட்டருக்கு மேல்; அதற்கு முன் எதிர்த்திசையில் கிழக்கே 2,900 கிலோமீட்டர் பறந்தாக வேண்டும். அந்த விமானத்தில் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது, இருக்கைகள் அகலமானவை, அம்மாவுக்கு முட்டிவலி என்பதால் இதுதான் நல்லது என்றார். அந்த ஒரு சொல்லுக்காக, நேர்க்கோட்டுத் தூரத்தை விடக் கூடுதலாக 4,700 கிலோமீட்டரை ஏற்றுக்கொண்டேன்.

தாளில் 'மொத்தப் பயண நேரம் 19 மணி 20 நிமிடம்' என்றிருந்தது. செவ்வாய் காலை 10 மணிக்குப் புறப்பாடு, புதன் விடியற்காலை 5.20-க்கு வருகை, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்த பிறகு, சென்னை நியூயார்க்கை விட 10.30 மணி நேரம் முன்னே இருக்கிறது என்பதை அந்த அலுவலகத்தில் எவரும் சேர்க்கவில்லை. முதலில் 6.20 என்றிருந்த வருகை நேரத்தை 5.20 என்று திருத்தி அனுப்பியபோது, ஒரு மணி நேரம் மிச்சம் என்று நானும் மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உண்மைக் கணக்கு 29 மணி 50 நிமிடம்: சிங்கப்பூருக்கு 4 மணி நேரம், அங்கே காத்திருப்பு 7 மணி நேரம், பிறகு 18 மணி 50 நிமிடம் ஒரே இருக்கையில். 15,300-ஐ 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து 17 மணி நேரம் என்று எண்ணிவிட வேண்டாம். விமானம் காற்றின் போக்குக்கேற்ப வளைந்து செல்லும். ஓடுபாதையில் ஊர்ந்து செல்லும் நேரமும் அட்டவணையில் அடங்கும்.

இது சிங்கப்பூரில்தான் எனக்கு உறைத்தது. அம்மாவின் சர்க்கரை மாத்திரைகளை 19 மணி நேரக் கணக்கில் இரண்டு வேளைக்கு மட்டும் கைப்பையில் வைத்திருந்தேன். மீதி, நியூயார்க் வரை பதிவான பெரிய பெட்டியில். "அடுத்த வேளை மாத்திரை எங்கேடா?" என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நல்லவேளையாக மருந்துச் சீட்டின் படம் கைப்பேசியில் இருந்தது. டிரான்சிட் பகுதியிலேயே இருந்த மருத்துவமனையில் அதைக் காட்டி, கட்டணம் கட்டி, அதே மருந்தில் ஆறு மாத்திரைகள் வாங்கிக்கொண்டு வாயிலுக்கு வந்து சேர்ந்தபோது போர்டிங் தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

நீங்கள் போவதாக இருந்தால், புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றி நீங்களே கழித்துப் பாருங்கள். மருந்தை மூன்று நாளைக்குக் கைப்பையில் வையுங்கள், சீட்டின் அசலோடு. நான் திரும்பியது துபாய் வழியாக.