யானைமலை மேகமும் களிமண் யானையும்

மதுரை ஒத்தக்கடையில் ஒரு மொட்டைமாடியிலிருந்து யானைமலை மேல் மேகம் நகர்வதை டைம்லாப்ஸாக, அதாவது இடைவெளி விட்டுப் படமெடுத்து வேகமாக ஓட்டும் காட்சியாக, எடுத்தோம். அதோடு சேர்க்க, மதுரைப் பக்கம் விளாச்சேரியில் செய்யும் மண் பொம்மைகளைப் பார்த்து நாங்களே பிடித்த ஒரு களிமண் யானையை ஸ்டாப்மோஷனில், அதாவது கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் படமாக எடுத்து, நடக்கவிட்டோம். எடிட்டிங் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ மென்பொருளில். மென்பொருளுக்கு இதில் கொஞ்ச வேலைதான். பெரும்பாலானது கேமராவிலேயே சரியாக வந்துவிட வேண்டும்.

மேகத்துக்கு ஐந்து விநாடிக்கு ஒரு படம். ஒரு மணி நேரத்தில் 720 படம் சேரும். விநாடிக்கு 25 பிரேம் (வீடியோவின் தனித்தனிப் படம்) என்றால் 28.8 விநாடிக் காட்சி. மேகம் விரைந்து ஓடினால் இரண்டு விநாடி இடைவெளி வையுங்கள்.

ஷட்டர் (வெளிச்சம் விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் எல்லாமே மேனுவலில் இருக்க வேண்டும். எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) ஆட்டோவில் இருந்தால், வெயில் மறையும்போதெல்லாம் கேமரா தானாக வெளிச்சத்தை ஏற்றி இறக்கும். ஓடவிட்டால் படம் மினுக்மினுக்கென்று துடிக்கும். மேனுவலிலும் துடித்தால் லென்ஸ்தான் காரணம். ஒவ்வொரு கிளிக்குக்கும் அப்பர்ச்சர் இதழ்கள் மூடுவதில் மயிரிழை வித்தியாசம் வரும். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்துவைத்து, கூடுதல் வெளிச்சத்தை என்டி ஃபில்டரால் (லென்ஸ் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி) குறைத்தால் அது போய்விடும். இந்தத் துடிப்பை நீக்கும் ரிசால்வின் டீஃப்ளிக்கர் வசதி காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் உண்டு.

ஆடிக் காற்றில் ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தவே கூடாது. மணல் பை கட்டினால் அதன் அடி தரையைத் தொடட்டும். அந்தரத்தில் ஆடும் பை ட்ரைபாடையும் ஆட்டும்.

நிஜமான பாடு களிமண்ணில். காயக் காய நிறம் வெளுக்கும். எடுக்கும்போது கண்ணுக்குப் படாது. ஓட்டிப் பார்த்தால் யானை நடந்துகொண்டே வெளுப்பது அப்பட்டமாகத் தெரியும். வெடிப்பு முதலில் முட்டி மடிப்பில் விழும். காலுக்குள் அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கி வையுங்கள். பத்துப் படத்துக்கு ஒருமுறை ஸ்ப்ரேயரில் ஒரே அளவு தண்ணீர் அடியுங்கள். கூடிப்போனால் தோல் பளபளத்து விளக்கு அதில் தெரியும். வேலை நிற்கும்போது ஈரத்துணி போர்த்துங்கள்.

ஜன்னலை அட்டையால் அடைத்து, ஃபேனை நிறுத்திவிடுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், அதில் பட்ட வெளிச்சம் பொம்மை மேல் விழும். கருஞ்சட்டை போட்டு ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்தில் நில்லுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண விளக்கின் வெளிச்சம் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டரைக் கால் விநாடி வைத்தால் அது சமனாகிவிடும்.

ஒரு படம் இரண்டு பிரேம் நின்றால் போதும். 8 விநாடிக்கு 100 படம். யானையின் காலை முதலில் சிறிதாக, நடுவில் தாராளமாக, ஊன்றும் முன் மறுபடி சிறிதாக நகர்த்துங்கள். எல்லாம் ஒரே அளவென்றால் யானைக்குக் கனமே இருக்காது.

ரிசால்வில் படங்களை உள்ளே கொண்டுவரும் முன்பே டைம்லைனை (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) விநாடிக்கு 25 பிரேமுக்கு மாற்றுங்கள், பிறகு மாற்ற விடாது. மீடியா பக்கத்தில் ஃபிரேம் டிஸ்ப்ளே மோடு 'சீக்வென்ஸ்' என்று இருந்தால் படங்கள் ஒரே கிளிப்பாக வரும். நடுவில் ஒரு எண் விடுபட்டாலும், கேமரா எண் 9999 தாண்டி 0001-க்குத் திரும்பினாலும் கிளிப் துண்டாகும். அதனால் முதலில் கோப்புகளுக்கு வரிசையாகப் புது எண் கொடுங்கள். யானைக் கிளிப்பின் வேகத்தை 50 சதவீதமாக்கி, வேகம் மாறும்போது பிரேம்களை எப்படி நிரப்புவது என்று சொல்லும் ரீடைம் பிராசஸை 'நியரெஸ்ட்' என்று வையுங்கள், ஒவ்வொரு படமும் இரண்டு பிரேம் நிற்கும். ஆப்டிகல் ஃப்ளோவில் விட்டால் இல்லாத பிரேம்களை மென்பொருளே உருவாக்கும், கால்கள் கரைந்து இழுபடும்.