மில்க் பஞ்ச்: நாலாவது தடவை தெளிந்தது

மில்க் பஞ்ச் என்பது சரக்கு, டீ, எலுமிச்சைச் சாறு கலந்த பஞ்ச்சைப் பாலோடு சேர்த்துத் திரிய வைத்து, வடித்துத் தெளிய வைக்கிற பானம். இந்தத் தடவை பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்தைப் படிக்க முடிகிறது. முந்தைய மூன்று தடவையும் கழுநீர் நிறம்தான். கோளாறு சரக்கில் இல்லை. பால் எதுவென்பதிலும், அதைத் திரிய வைத்து வடித்த விதத்திலும்தான்.

அளவு: இலங்கைத் தென்னை அராக் (தென்னங்கள்ளில் காய்ச்சிய சாராயம்) 400 மி.லி., லேபிளில் சாராய அளவு 33.5 சதவீதம். ஆறு எலுமிச்சையின் பச்சைத் தோலை மட்டும் சீவி அதில் 12 மணி நேரம் ஊறல். வெள்ளைப் பகுதி துளி சேர்ந்தாலும் கசக்கும். அந்தக் கசப்பைப் பால் எடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். எலுமிச்சைச் சாறு 100 மி.லி., சர்க்கரை 120 கிராம், துருவிய ஜாதிக்காய் கால் டீஸ்பூன். டீ மட்டும் வேண்டுமென்றே கடுப்பாக: 250 மி.லி. கொதிநீரில் 10 கிராம் தேயிலை, 5 நிமிடம். வடித்து 200 மி.லி. எடுத்து ஆறவிட வேண்டும். நாக்கைப் பிடிக்கிற அந்தத் துவர்ப்பைப் பாலின் கேசின் புரதம் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியே போய்விடும். குடிக்கிற பதத்தில் டீ போட்டால் கடைசியில் டீ வாசனையே மிஞ்சாது.

இத்தனையும் சேர்ந்து 775 மி.லி. அளவில் வரும். அதற்குப் பால் 200 மி.லி., ஏறக்குறைய நாலுக்கு ஒன்று. அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1763-இல் தன் நண்பர் ஜேம்ஸ் போடோயினுக்கு எழுதி அனுப்பிய செய்முறையிலும் கணக்கு இதேதான்: பிராந்தி 6 குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்), தண்ணீர் 4, எலுமிச்சைச் சாறு 2, பால் 3. அதில் 44 எலுமிச்சையின் தோல் போகிறது. இன்று எலுமிச்சை விற்கிற விலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஃபிராங்க்ளின் பாலைக் கொதிக்கக் கொதிக்க இறக்கிப் பஞ்ச்சில் ஊற்றச் சொல்கிறார். இரண்டாவது தடவை அப்படித்தான் செய்தது. பனீர் போலப் பெரிய கட்டிகளாக உடனே திரண்டது; சுற்றியிருந்த நீரோ கலங்கலாகவே நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக விழும் பால் அவ்வளவு புளிப்பிலும் ஒரேயடியாகச் சிக்கி இறுகிவிடுகிறது. கலங்கலைப் பிடித்துக்கொள்ள அதற்கு நேரமே கிடைப்பதில்லை. அதனால் இந்தத் தடவை தலைகீழ்: ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த பால் பாத்திரத்தில், அதன் மேல் பஞ்ச் நூல் போல ஒழுக. ஊற்றி முடிக்க 4 நிமிடம் ஆனது. முதல் கால் பங்கு வரை ஒன்றும் நடக்காதது போல இருக்கும். கலவையின் பி.ஹெச். (புளிப்பைக் காட்டும் அளவு) 4.6-ஐ நெருங்கும்போது கேசின் பூத்துத் திரிய ஆரம்பிக்கும். அப்போது கரண்டியால் ஒரு சுற்று, அவ்வளவுதான். அடித்துக் கலக்கினால் திரட்டு பொடிப்பொடியாகி எல்லாம் வீணாகும்.

பால் எது என்பதில் முதல் தடவை பட்டது: டெட்ரா பேக் யு.ஹெச்.டி. பால், அதாவது மிக அதிக சூட்டில் பதப்படுத்தியது. அத்தனை சூட்டில் மோர்ப் புரதங்கள் (பால் திரிந்தால் நீரோடு தங்குபவை) கேசினோடு ஒட்டிக்கொள்வதால் திரட்டு கூழாக வந்து துணியை அடைக்கிறது. சாதாரணப் பாக்கெட் பாலே போதும், காய்ச்சாமல், பாஸ்ச்சரைஸ் செய்ததுதானே.

இரண்டு மணி நேரம் அசைக்காமல் வைத்த பிறகு வடிப்பு. மல் துணி நாலு மடிப்பு, அலசிப் பிழிந்து வடிதட்டில் விரித்து. சமையல் கடைகளில் 'சீஸ் கிளாத்' என்று விற்பதில் கொசுவலை அளவுக்கு ஓட்டை. ஜவுளிக்கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் மல் அதைவிடப் பல மடங்கு மேல். ஸ்டார்ச் போக ஒரு முறை வெந்நீரில் கொதிக்க வைக்க வேண்டும்.

முதலில் இறங்குவது கலங்கலாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துத் துணியைக் கழுவப் போனால் தொலைந்தது! உண்மையான வடிகட்டி துணி இல்லை, அதன் மேல் படிந்த திரட்டுதான். முதலில் இறங்கிய 200 மி.லி.-ஐ அந்தப் படிவின் மேலேயே, கரண்டியின் முதுகில் வழியவிட்டு, திரும்ப ஊற்ற வேண்டும். படிவில் பள்ளம் விழுந்தால் மறுபடி முதலில் இருந்து. இரண்டு முறை திருப்பி ஊற்றிய பிறகு சொட்டின் நிறம் மாறியது: டீயின் சிவப்பு போய் வெளிறிய தேன் நிறம். அதன்பின் ஃப்ரிட்ஜில் ராத்திரி முழுக்கச் சொட்டவிட்டது. மூன்றாவது தடவை எல்லாம் சரியாக வந்து, கடைசி அரை டம்ளருக்கு ஆசைப்பட்டுத் துணியைப் பிழிந்ததில் மொத்தமும் கலங்கியது. இந்தத் தடவை பிழியாமல் கிடைத்தது 810 மி.லி., சாராய அளவு 14 சதவீதத்துக்குப் பக்கம்.

தெளிந்துவிட்டதால் பால் இல்லை என்று நினைத்து யாருக்கும் கொடுக்கக் கூடாது. பால் சர்க்கரையான லாக்டோஸும் மோர்ப் புரதமும் உள்ளேயேதான் இருக்கின்றன. பால் அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆபத்து. வாயில் பட்டுப் போல வழுக்குவதும் அந்தப் புரதத்தால்தான். தேங்காய்ப் பாலில் கேசின் இல்லை, ஆகவே இங்கே சொன்ன கேசின் கணக்கு அதற்குப் பொருந்தாது.

பரிமாற, பெரிய ஐஸ் கட்டி ஒன்றின் மேல் 90 மி.லி. வேறு எதுவும் வேண்டாம்.

அடுத்தது அன்னாசி. பச்சைச் சாற்றில் உள்ள புரோமலைன் என்ற நொதி கேசினையே அரித்துவிடும் என்பதால் சாற்றை முதலில் 80 டிகிரிக்குச் சூடாக்கி ஆறவிட வேண்டும். எலுமிச்சைத் தோலுக்குப் பதில் நாரத்தைத் தோல். அது இப்போதே அராக்கில் ஊறுகிறது. இந்தப் பாட்டிலின் அடியில் மெல்லிசாக வண்டல் தங்கியிருக்கிறது, அதை இன்னும் இறுத்து எடுக்கவில்லை.